ஏழாம் போத்தல் முதல் பத்தாம் போத்தல் வரை

2025 ஜனவரி 14, செவ்வாய்

வெளியே மைனஸ் பத்தொன்பது. ஆய்வுகூடத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன்.

கட்டுரைக்கு மதிப்பீட்டாளர்களின் பதில் வந்துவிட்டது. ஆய்வு மாணவி நிருஷா படிக்கட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "கௌசலாக்கா, சின்னத் திருத்தம்தானாம்! நிராகரிக்கேல்ல!" பேராசிரியர் அக்னெஸ் அறைக் கதவைத் திறந்து கைதட்டினார். (என் ஞானத்தாயின் பெயரும் அக்னெஸ்தான். ஏழு வருடமாக இங்கே வேலை செய்தும், இந்த கெபெக் மாகாணத்துப் பெண்ணை அந்தப் பெயரால் கூப்பிடக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.)

மகள் மரியானின் வகுப்பில் அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். அப்பா யோசெப்பின் வேலை சுலபம்: ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை. அம்மாவின் வேலையை மெற்றோவில் வைத்து இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: வடக்கே பாஃபின் விரிகுடாவில் கோடையில் பனிக்கட்டி உருகும்போது, கண்ணுக்குத் தெரியாத பாசி கோடி கோடியாகப் பெருகும். காற்றிலிருந்து கடலில் கரைந்த காபனைத் தின்று வளரும். பிறகு செத்து விழும். நிருஷா அக்காவின் கூட்டம் கப்பலில் போய் இருநூறு மீற்றர் ஆழத்தில் ஒரு பெரிய மஞ்சள் புனலைக் கட்டித் தொங்கவிட்டு, விழுவதைப் போத்தல்களில் பிடித்தது. அதில் எவ்வளவு காபன் இருக்கிறது என்று அம்மா அளப்பாள்.

"அது கீழே போனா என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கீழே போனது காற்றுக்குத் திரும்பி வரக் கன காலம் எடுக்கும். பூமி அவ்வளவு சூடாகாது."

எங்கள் விடை, பாசி தின்ற காபனில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு கீழே போகிறது என்பது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. நிருஷாவின் ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

இரண்டாம் மதிப்பீட்டாளர் மட்டும் ஒன்று கேட்டிருக்கிறார். ஏழாம் போத்தல் முதல் பத்தாம் போத்தல் வரை காபன் ஏன் இவ்வளவு "கனமாக" இருக்கிறது? பாசி இலேசான காபனைத்தான் விரும்பி எடுக்கும். சுண்ணாம்புக் கல்லில்தான் கனமானது அதிகம். அந்தக் கரையெல்லாம் சுண்ணாம்புப் பாறை. கல்தூளை அமிலத்தால் முழுதாக நீக்கினீர்களா?

அக்னெஸ் சிரித்தார். "பாசி வேகமாக வளர்ந்தால் இப்படி வரும், அதுதான் எங்கள் கண்டுபிடிப்பே. கௌசலா, வடிதாள்களின் மிச்சப் பாதிகளை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடு. ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்."

ஜனவரி 16

மிச்சப் பாதிகள் ஃபிறீசரில் மூன்றாம் தட்டில் இருந்தன. பத்துப் போத்தல், விழுந்ததை வடித்தெடுத்த வடிதாள் போத்தலுக்கு மூன்று. எல்லாம் என் கையெழுத்தில். முழு வடிதாளையும் அமிலப் புகையில் ஒரு நாள் வைத்த பிறகுதான் இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி இயந்திரத்துக்குப் போகும், மறு பாதி இங்கே தூங்கும். திங்கட்கிழமை பார்க்கலாம்.

மரியானுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

எழுத்துக் கோணலாக வருகிறது.

பரிசோதனை மிகச் சின்னது. அமிலத்தில் வைத்து எடுத்த வடிதாளில் கல்தூள் இருக்காது. ஒரு சொட்டு அமிலம் விட்டால் ஒன்றும் நடக்கக்கூடாது. முதலாம் போத்தல்: ஒன்றும் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு: ஒன்றும் இல்லை. ஏழாவதில் சொட்டு விழுந்தவுடன் நுரைத்தது. ஊசி முனை ஊசி முனையாகக் குமிழி. கேட்கவும் கேட்டது, மெல்லிய சீறல்.

துளிசொட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாக ஒன்று எடுத்தேன். எட்டு நுரைத்தது. ஒன்பது, பத்து அதைவிட மோசம்.

இருக்கேலாது. இருக்கவே ஏலாது.

யாரும் பார்க்கவில்லை. போனில் படம் எடுத்தேன். மூடியைப் போட்டு ஃபிறீசருக்குள் வைத்துவிட்டுக் கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

ஜனவரி 21

ஆய்வுகூடக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். 2023 நவம்பர் 16. போத்தல் 7–10, பன்னிரண்டு வடிதாள், அமிலப் புகை, 24 மணி. பக்கத்தில் கே. வை. — கௌசலா யோசெப். என் கையொப்பம்.

நினைவு இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. மரியானுக்குக் காய்ச்சல், உடனே வந்து தூக்குங்கள் என்றார்கள். வடிதாள்களை வெளியே எடுத்து வைத்திருந்தேன், அமிலச் சாடிக்குள் இன்னும் வைக்கவில்லை. நிருஷா சொன்னாள்: "நீங்க போங்கோ அக்கா, நான் வைச்சு விடுறன்." இரண்டு நாள் கழித்து வந்தபோது வடிதாள்கள் உலர்ந்து அழகாக அடுக்கியிருந்தன. கொப்பியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வெறுமை எனக்குப் பிடிக்காது. நிரப்பிக் கையொப்பம் வைத்தேன்.

பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று எழுதினேன். அவ்வளவுதானே? அவ்வளவுதான்.

ஜனவரி 22

யாருக்கும் சொல்லவில்லை. யோசெப் சோற்றைப் பார்த்து, "உப்புப் போட மறந்திட்டியா?" என்றார். மறந்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம், அந்தப் பன்னிரண்டு பாதிகளையும் அமிலச் சாடிக்குள் வைத்தேன். இந்தத் தடவை நானே வைத்தேன், நானே மூடினேன். நேரத்தைக் கையில் பேனையால் எழுதினேன். கொப்பியில் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? ஒளிக்கிறேனா?

ஜனவரி 27, திங்கள்

இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடியது. கணக்கை மூன்று தடவை போட்டேன்.

முப்பத்தெட்டு இல்லை. பதினாறு.

மிச்சம் எல்லாம் கல். மலையிலிருந்து உருகி வந்த தண்ணீர் கொண்டு வந்த சுண்ணாம்புத் தூள். பாசி இல்லை, கண்டுபிடிப்பு இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் கல்லை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜனவரி 28

நிருஷாவுக்குச் சொல்லிவிட்டேன். கீழ்த்தளத்தில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில். தாளைக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்காமலே படித்தாள்.

"என்னைக் கேக்காம ஏன் ஓட்டினீங்க?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

தாளை மடித்து வைத்துவிட்டு நான்தான் கேட்டேன். "அண்டைக்கு நீ வைக்கிறன் எண்டு சொன்னனியே?"

"வைச்சனான்." பிறகு மெதுவாக, "வைச்சனான் எண்டுதான் நினைக்கிறன். ஒரு வருசத்துக்கு மேலான கதை, அக்கா."

"சரி. ரெண்டு பேருமா அக்னெஸிட்டப் போவம்."

"பேந்து போவம். பேப்பர் வந்த பிறகு. நோர்வேக்காரர் எனக்கு வேலை தர அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். பேப்பர் இல்லாட்டி அந்த வேலை இல்லை. அப்பா எல்லாருக்கும் சொல்லிப்போட்டார், அக்கா. சில் வு ப்ளே, கெஞ்சிக் கேக்கிறன்."

"பிழை எண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடி அதைக் குடுக்கிறது, பிள்ளை?"

அப்போது அவள் முகம் மாறியது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, எந்தக் கோபத்திலும் பிரெஞ்சுக்கு ஓடிவிடுவாள். இன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள், நான் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது போல.

"கொப்பியில இருக்கிற கையெழுத்து உங்கட."

ஜனவரி 30

என் ஒப்பந்தம் மார்ச் 31 வரை. ஒவ்வொரு வருடமும் அக்னெஸ் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த வருடம்.

பெப்ரவரி 3

நிருஷா என்னுடன் பிரெஞ்சில் மட்டும் கதைக்கிறாள். மரியாதையாக, அந்நியருக்குச் சொல்லும் "வு" போட்டு. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அக்னெஸ் மதிப்பீட்டாளருக்கான பதிலை எழுதி முடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாம் பத்தி: "எல்லா வடிதாள்களும் இருபத்து நான்கு மணி நேரம் அமிலப் புகையில் வைக்கப்பட்டன, இதை எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் மீண்டும் உறுதிசெய்துள்ளார்." பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பு: "சரிதானே? 14ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும்."

சரிதானே என்று கேட்டால் ஓம் என்று ஒரு சொல் போதும். அந்த இமெயிலை ஒன்பது தடவை திறந்து மூடினேன்.

பெப்ரவரி 6

யோசெப்பிடம் சொன்னேன். கடையிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, கதவடியில் நின்றபடியே கேட்டார். திருகோணமலையில் மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்த மனிசன். கடல் என்றால் அவருக்கு வேறு கணக்கு.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற ஆருக்கும் தெரியாது. இல்லையா?"

"ஓம்."

"இதால ஆராவது சாகப் போறாங்களா?"

"இல்ல."

"பிறகேன் நீ சாகிறாய்?"

சமையலறையில் நின்று யோசித்தேன். யாரும் சாகப்போவதில்லைதான். ஆனால் போன மாதமே ஐரோப்பாவில் ஒரு காலநிலை ஆய்வுக் குழு இந்த எண்ணைக் கேட்டு எழுதியிருந்தது. அவர்களுடைய கணக்குக்குள் போடப் போகிறார்களாம். வடகடல் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு காபனை விழுங்குகிறது என்று ஒரு தாள் சொன்னால், இன்னொரு தாள் அதை எடுத்துச் சொல்லும். பிறகு யாரோ ஒருவர், பரவாயில்லை, கடல் பார்த்துக்கொள்ளும் என்பார். அந்தக் கதையின் அடியில் என் கையொப்பம் இருக்கும்.

இதை யோசெப்பிடம் சொன்னபோது பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். "அப்ப சொல்லு," என்றார். "எனக்குக் கடை வேலை இருக்கு. மூண்டு பேரும் சாப்பிடுவம்."

பெப்ரவரி 10, திங்கள்

சொன்னேன். காலை ஒன்பதேகால்.

அக்னெஸ் கதவைச் சாத்தினார். நான் தாள்களை மேசையில் வைத்தேன்: பழைய எண், புதிய எண், நுரைத்த வடிதாள்களின் படம். அவர் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். காதில் சிவப்பு ஏறியது.

"எப்போதிருந்து தெரியும்?"

"ஜனவரி இருபது."

"மூன்று கிழமை."

"ஓம்." பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தோம், "ஓம்" என்று தமிழில்தான் வந்தது.

"கொப்பியில் யாருடைய கையொப்பம்?"

"என்னுடையது."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"நிருஷாவுக்கு," என்றேன். அவளைக் கூப்பிட்டார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கையும் முழங்கையும் முட்டும் தூரம். அக்னெஸ் நேரடியாகக் கேட்டார்: "அன்றைக்கு அமிலத்தில் வைக்கும் வேலையை யார் செய்தது?"

"அமில வேலை எப்போதும் கௌசலாதான் பார்ப்பார்," என்றாள் நிருஷா.

பொய் என்று சொல்ல முடியாது. எப்போதும் நான்தான் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு நாளைத் தவிர.

அக்னெஸ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அப்போதே இமெயில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை எங்கள் இருவரையும் போகச் சொல்லவில்லை. ஐரோப்பாவுக்கும் ஒன்று எழுதினார். விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான்.

பெப்ரவரி 11

ஏன் வாய் திறக்கேல்ல நான்? ஏன்?

"நீ வைக்கிறன் எண்டு சொன்னனி" எண்டு ஒரு வசனம். பிரெஞ்சில எனக்குத் தெரியாத வசனமா? ஏழு வருசம் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படிச்சனான். அந்தப் பிள்ளைக்கு நான் புட்டு அவிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். கப்பல்ல இருந்து சத்தியெடுத்துக்கொண்டு அழுது போன் பண்ணேக்க இஞ்ச இருந்து கதைச்சது நான்.

பயந்திட்டனா? இல்ல. வைச்சவளோ வைக்கேல்லையோ, எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாததுக்குத்தானே போன தடவை கையெழுத்து வைச்சனான். திரும்பவும் தெரியாததைச் சொல்லட்டோ?

பெப்ரவரி 17

நான்கு நாளில் இரண்டு பனிப்புயல். வாசல் கதவு பாதிவரை புதைந்துவிட்டது. பஸ் இல்லை. மெற்றோ வரை யோசெப் முன்னால் மண்வாரியுடன் போக, அவர் காலடியில் கால் வைத்து நடந்தேன்.

அந்தப் பன்னிரண்டையும் தவிர ஆய்வுகூடத்தில் உள்ள மற்ற எல்லா வடிதாள்களையும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். இருநூறு. தனியாகத்தான் செய்கிறேன். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் மூச்சை நிறுத்திக் காது கொடுக்கிறேன்.

துறையிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் எழுதினேன், கிழித்தேன். கடைசியில் இரண்டு வரிதான்: "நான் கண்ணால் பார்க்காத ஒரு வேலை நடந்ததாகக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டேன். அது என் தவறு."

யோசெப் வாசித்துவிட்டு, "அவளின்ர பேர் எங்க?" என்று கேட்டார்.

"அது அவ சொல்ல வேண்டியது."

"அவ சொல்லுவாளா?"

குளிருக்குள் திரும்ப வெளியே போனார், பனி அள்ளுகிறேன் என்று. அள்ள ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

மார்ச் 3

இருநூறும் சுத்தம். பழுதானது அந்தப் பன்னிரண்டும்தான். அக்னெஸிடம் பட்டியலைக் கொடுத்தேன். "நன்றி" என்றார். முன்பு "நன்றி, கௌசலா" என்பார்.

நிருஷா இரண்டு கிழமையாக வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறாளாம்.

மார்ச் 14, வெள்ளி

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து சிவநேசம் அண்ணை போன் எடுத்தார். நிருஷாவின் அப்பா. போன கோடையில் அவளுடைய பிறந்தநாளுக்குப் போனபோது என் நம்பர் வாங்கி வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு தொழிற்சாலை வேலையோடு அவளைத் தனியாக வளர்த்த மனிதர். அன்றைக்குத் தன் கையால் கணவாய்க் கறி பரிமாறினார்.

இன்றைக்குக் குசலம் விசாரிக்கவில்லை.

"தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. என்ர பிள்ளையின்ர நாலு வருசத்தை நீங்கள் பழுதாக்கிப் போட்டியளாம். உண்மையோ?"

"ஆர் சொன்னது, அண்ணை?"

"ஆர் சொன்னா என்ன? பிள்ளை அறைக்குள்ளயே கிடக்கிறாள். சாப்பிடுறாளில்லை. நோர்வேக்காரர் வேற ஆளை எடுத்திட்டினமாம். உங்கட கவலையீனத்தால எண்டு கேள்விப்பட்டன்."

எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. அப்போது மரியான் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கேளுங்கோ, அண்ணை," என்றேன். "நவம்பர் பதினாறு என்ன நடந்தது எண்டு அவவையே கேளுங்கோ."

அவர் போனை வைத்துவிட்டார். நான் செய்தது சரியா? ஒரு பிள்ளையைத் தகப்பனிடம் காட்டிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நானும் எவ்வளவைத்தான் விழுங்குவது?

மார்ச் 17

நிருஷா வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆய்வுகூடத்தில் நான் மட்டும்தான். கோட்டைக் கழற்றாமல் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்டைக்கு அமிலப் போத்தில் வெறுமையா இருந்தது, அக்கா. புதுசு எடுக்கக் களஞ்சிய அறைக்குப் போனன், பூட்டிட்டினம். நாளைக்குச் செய்வம் எண்டு வடிதாளைக் காய வைச்சிட்டுப் போனன். அடுத்த நாள் எனக்குச் சோதினை. அதுக்கு அடுத்த நாள் பின்னேரம் வந்து கொப்பியைப் பாத்தா, உங்கட கையெழுத்து. நீங்க செய்திட்டீங்க எண்டு நினைச்சன்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுடைய உலர்ந்த வடிதாளைப் பார்த்து அவள் செய்துவிட்டாள் என்று நான் நம்பினேன். என் கையொப்பத்தைப் பார்த்து நான் செய்துவிட்டேன் என்று அவள் நம்பினாள். இருவருக்கும் நடுவில் அந்தப் பன்னிரண்டும் அமிலத்தைக் காணாமலே போயிருக்கின்றன. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒருவரும் கேட்கவில்லை.

"இது எப்ப ஞாபகம் வந்தது?"

"நீங்க கோப்பி மெஷினடியில தாளைக் காட்டின உடன." மூக்கைக் கோட்டுக் கையால் துடைத்தாள். "அப்பவே வந்திட்டுது."

"அப்ப அக்னெஸுக்கு முன்னால?"

"தெரிஞ்சுதான் சொன்னன்."

அவளை அணைக்கவில்லை. அணைக்க மனம் வரவில்லை. "அதை அவவிட்டச் சொல்லு," என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். சொல்வாளா என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 28

அக்னெஸ் கூப்பிட்டார். துறை முடிவு செய்திருக்கிறது: என் ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதம் மட்டும். ஜூன் 30க்குப் பிறகு புதுப்பிக்க மாட்டார்கள். "நான் கேட்டுப் பார்த்தேன்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

அப்படியென்றால் நிருஷா இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

நிருஷா ஆய்வேட்டை அடியிலிருந்து திரும்ப எழுதுகிறாள். பதினாறு என்ற எண்ணோடு. மேசையின் ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைக்கிறோம்.

இன்று மத்தியானம் உருப்பெருக்கியில் இருந்தவள், "அக்கா, கெதியா வாங்கோ," என்றாள். வடிக்காமல் வைத்திருந்த எட்டாம் போத்தலின் மிச்சம். டயற்றம் பாசிச் சங்கிலிகள், கண்ணாடி வளையலை உடைத்துக் கோத்த மாதிரி. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. கட்டிக்குள்ளே முழுக்கச் சுண்ணாம்புத் துகள்கள்.

"கல்லு பாரம் குடுக்குது," என்றாள். "அதாலதான் தாழுது போல. கல்லு இல்லாட்டி இந்தப் பதினாறும் போகாதோ?"

எவ்வளவு நேரம் மாறி மாறிப் பார்த்தோமோ தெரியாது. நாங்கள் எறிய வேண்டிய அழுக்கு என்று நினைத்த அந்தத் தூள்தான் பாசியைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது போலும். நிரூபிக்க இன்னும் எவ்வளவோ வேலை இருக்கிறது. ஆனால் ஒரு நிமிடம் அவள் பழையபடி என் தோளில் சாய்ந்தாள். பிறகு நினைவு வந்து விலகினாள்.

மே 20

ரொக்ஸ்பரோப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நேர்முகம். ஏன் பழைய இடத்தை விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நிருஷாவின் வாய்மொழித் தேர்வு ஜூன் 12. ஆய்வேட்டின் பிரதி ஒன்றை என் மேசையில் வைத்திருந்தாள். முறையியல் பகுதியைத்தான் முதலில் திறந்தேன். "அமிலமிடும் படிநிலை தவறவிடப்பட்டது." தவறவிடப்பட்டது. யாரால் என்று இல்லை. பிரெஞ்சிலும் அப்படி எழுத வசதி இருக்கிறது.

ஜூன் 4

ரொக்ஸ்பரோவில் எடுத்துவிட்டார்கள். ஜூலை ஏழு தொடக்கம். யோசெப் சந்தையிலிருந்து ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி கொண்டு வந்தார்.

சந்தோசமாக இருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன்.

சின்ன மண்டபம், முப்பது பேர் இருக்கும். கடைசி வரிசையில் சிவநேசம் அண்ணை, கோட் சூட்டுடன், தனியாக. வேறு இடம் இல்லை. அவருக்கு ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தேன். நடுக்கதிரையில் தன்னுடைய கோட்டைக் கழற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நிருஷா நாற்பது நிமிடம் பேசினாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு சீரானது. சிவநேசம் அண்ணைக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது. தொழிற்சாலையில் முழுக்கத் தமிழரும் கிரேக்கரும்தானாம். திரையில் படங்கள் மாற மாற மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேள்விகள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வயதானவர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு படிநிலை 'தவறவிடப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தவறவிட்டது?"

அக்னெஸ் மேசையைப் பார்த்தார். நிருஷா தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"நான்," என்றாள்.

சிவநேசம் அண்ணை என் பக்கம் குனிந்தார். "என்ன கேக்கினம்? பிள்ளையின்ர முகம் ஏன் அப்பிடி?"

வேறு யாரிடம் கேட்பார்? அந்த மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள், நிருஷாவைத் தவிர, நான் ஒருத்திதான். சொல்லாமல் விட்டிருக்கலாம். நல்ல கேள்வி அண்ணை, நல்லாச் சொல்லுறா என்று சொல்லியிருக்கலாம்.

"ஒரு வேலை விடுபட்டுப் போச்சு. அதை விட்டது ஆர் எண்டு கேக்கிறார்," என்றேன். "தான் எண்டு சொல்லுறா."

நிருஷா தொடர்ந்தாள். நான் ஒவ்வொரு வசனமாக அவருடைய காதுக்குள் சொன்னேன். "தொழில்நுட்ப உதவியாளர் சுகமில்லாத பிள்ளையைத் தூக்கப் போக வேண்டியிருந்ததாம். தான் செய்யிறன் எண்டு பொறுப்பெடுத்ததாம். செய்யேல்லையாம். பேந்து கொப்பியில அவவின்ர கையெழுத்தைப் பாத்திட்டு, கேக்காமல் விட்டதாம்." அடுத்த வசனத்தையும் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல். "பெப்ரவரியில பேராசிரியர் நேர கேட்டபோது, தான் பொய் சொன்னதாம். பிழை கௌசலான்ர தலையில விழட்டும் எண்டு விட்டதாம்."

முன்வரிசையில் அக்னெஸ் நிமிர்ந்து திரும்பினார். நிருஷாவை அல்ல, என்னைத்தான் தேடினார்.

சிவநேசம் அண்ணை அசையவில்லை. அவருடைய தாடை மட்டும் இறுகித் தளர்ந்தது. மார்ச் மாதம் போனில் கேட்ட அந்தக் குரல் திரும்ப வரும் என்று காத்திருந்தேன். மேடையில் பிள்ளை இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் எங்களைத்தான் பார்த்தாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இப்போது கல்தூளைப் பற்றிக் கேட்கிறேன்," என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சிவநேசம் அண்ணை நடுக்கதிரையிலிருந்த கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கதிரைக்கு நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ, தங்கச்சி," என்றார்.

சொன்னேன். பனி உருகுவதிலிருந்து தொடங்கினேன்.